மெய் சிலிர்ப்பது எல்லாருக்கும் பொதுவா?

எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் ஒரு ராத்திரி. மணி பதினொன்றைத் தாண்டியிருக்கும். இரண்டு தவில் வித்வான்கள் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் வாசித்ததை மற்றவர் வாங்கித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வேகம் ஏற ஏறக் கூட்டத்தில் பேச்சு அடங்கியது. கடைசியில் இருவரும் சேர்ந்து தீர்மானம் என்கிற முடிவுக் கோவையை வைத்து முடித்த நொடியில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா தன் முன்கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இங்க பாரு மாப்ளே, முடியெல்லாம் நட்டுக்கிட்டு நிக்குது."

வாசிப்பு நன்றாக இருந்தது என்று அவர் சொல்லவில்லை. கையைத்தான் காட்டினார். நம்மில் நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறோம். வாய் உபசாரத்துக்குக்கூடப் பேசும், முடி பொய் சொல்லாது என்று நமக்குத் தெரியும்.

அந்த முன்கையை வைத்துக்கொண்டு ஒரு பெரிய கேள்வியைக் கேட்கலாம். நம்மைவிடப் பெரிதாக, நம் அறிவுக்குள் அடங்காததாக ஒன்று எதிரே வரும்போது எழுகிற, ஆங்கிலத்தில் 'awe' என்று சொல்லும் இந்த உணர்வு மனிதராகப் பிறந்த எல்லாருக்கும் உண்டா? அது உடம்போடு வந்ததா, வளர்ந்த ஊரும் பேசும் மொழியும் சொல்லிக்கொடுத்ததா? உளவியலும் நரம்பியலும் சுமார் இருபது ஆண்டுகளாக இதை மும்முரமாகத் துருவிக்கொண்டிருக்கின்றன. படிக்கப் படிக்க எனக்குத் தோன்றுவது, இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன என்பதுதான். உடம்பில் வேர் இருக்கிறதா என்பது ஒன்று. எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பது வேறொன்று. முதல் கேள்விக்கு ஆம் என்று சொன்னதாலேயே இரண்டாவதற்கும் ஆம் என்று ஆகிவிடாது.

முதலில் உடம்பு. அநேகமாக ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஒரு சின்னஞ்சிறு தசை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது சுருங்கினால் முடி நிமிரும், சுற்றியுள்ள தோல் புள்ளி புள்ளியாகப் புடைக்கும். கையை மடக்குவதுபோல இதை நாம் நினைத்தபடி இயக்க முடியாது. பரிவு நரம்பு மண்டலம் தானாகவே இயக்குகிறது. பயத்தில் நெஞ்சு படபடக்க வைப்பதும் அதே மண்டலம்தான். உடம்பெல்லாம் அடர்ந்த ரோமம் உள்ள விலங்குக்கு இதில் நேரடிப் பயன் உண்டு. குளிரில் ரோமம் நிமிர்ந்தால் இடையில் காற்று தங்கிக் கதகதப்பாக இருக்கும். நாயைக் கண்ட பூனை ரோமத்தைச் சிலிர்த்துத் தன்னை இரண்டு மடங்கு பெரிதாகக் காட்டிக்கொள்ளும். 1872இல் வெளிவந்த, மனிதரும் விலங்குகளும் உணர்ச்சியை வெளிப்படுத்தும் விதம் பற்றிய நூலில் டார்வின் இதை விரிவாகப் பேசியிருக்கிறார். நமக்கு அந்த அடர்ந்த ரோமம் போய்விட்டது. தசையும் நரம்பும் தங்கிவிட்டன.

தங்கியதற்கு வேறு காரணமும் இருக்கலாம். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் யா-சியே சூவின் குழு 2020இல் எலிகளில் கண்டது இது: அந்தத் தசையும் நரம்பும் முடியை நிமிர்த்துவதோடு நிற்பதில்லை, மயிர்க்காலில் உள்ள தண்டுச் செல்களைத் தூண்டிப் புது முடி வளரவும் வழிசெய்கின்றன. வெறும் பழைய மிச்சம் என்று நினைத்த ஒன்றுக்கு வேலை இருந்திருக்கிறது.

சரி, குளிருக்கு நிமிர வேண்டிய முடி தவிலுக்கு ஏன் நிமிர்கிறது? மாண்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் இதற்கு ஒரு பாதிப் பதில் கண்டார்கள். தங்களைச் சிலிர்க்கவைக்கும் இசையைத் தாங்களே கொண்டுவரும்படி சிலரிடம் சொல்லி, அவர்கள் அதைக் கேட்கும்போது மூளையைப் படம் பிடித்தார்கள். உச்சம் வருவதற்கு முந்தைய எதிர்பார்ப்பில் மூளையின் ஒரு பகுதியில் டோபமின் என்ற வேதிப்பொருள் சுரந்தது. உச்சம் வந்தபோது அருகிலுள்ள இன்னொரு பகுதியில் சுரந்தது. தீர்மானம் வரப்போகிறது, வரப்போகிறது என்று காத்திருப்பதும், அது வந்து விழுவதும் மூளைக்கு இரண்டு தனிச் சங்கதிகள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எப்போது தீர்மானம் வரும் என்று எதிர்பார்க்கவே தாளம் காதில் ஊறியிருக்க வேண்டும். மாமாவுக்குச் சின்ன வயதிலிருந்தே ஊறியிருந்தது. தவிலே கேட்டறியாத ஒருவர் அன்று அங்கே உட்கார்ந்திருந்தால் சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கும்.

முடியை மட்டும் சாட்சியாக நம்புவதிலும் சிக்கல் இருக்கிறது. சிலேட்டில் நகம் கீறினாலும் அது நிற்கும், பேய்க்கதை கேட்டாலும் நிற்கும், தலையில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினாலும் நிற்கும். போதாக்குறைக்கு, மிஷெல் ஷியோட்டாவும் சக ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பிரமிப்பான படங்களைப் பார்த்தவர்களின் இதயத்தின் மீது பரிவு நரம்பு மண்டலத்தின் பிடி தளர்ந்தது தெரியவந்தது. முடியை நிமிர்த்துகிற மண்டலம் இதயத்தில் கையை எடுத்துக்கொள்கிறது. ஓடவும் இல்லை, சண்டைக்குப் போகவும் இல்லை, அப்படியே நின்றுவிடுகிறோம். "வாயடைத்துப் போனேன்", "அசந்துபோய் நின்றேன்" என்று நாம் சொல்வது இந்த நிலையைத்தான் என்று நினைக்கிறேன்.

இந்த வேர் நமக்கும் முன்னால் போகிறதா? தான்சானியாவின் கோம்பே காட்டில் 1960இலிருந்து சிம்பன்சிகளைப் பின்தொடர்ந்த ஜேன் குட்டால் சொன்ன ஒரு காட்சி என் மனத்தை விட்டுப் போவதில்லை. காட்டுக்குள் ஓர் அருவி. ஓர் ஆண் சிம்பன்சி அந்தப் பக்கம் வருகிறது. அருவியின் இரைச்சல் காதில் விழ விழ அதன் ரோமம் நிமிர்கிறது. கிட்டே போனதும் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு உடம்பை மாற்றி மாற்றி, தாளம் போட்டதுபோல ஆடுகிறது. ஓடையின் ஆழமில்லாத தண்ணீரில் காலை அடிக்கிறது. பெரிய கற்களைத் தூக்கி வீசுகிறது. கொடியைப் பிடித்துத் தொங்கிச் சாரலுக்குள் ஊசலாடுகிறது. பத்து, பதினைந்து நிமிடம் இப்படி. அப்புறம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரு பாறையில் உட்கார்ந்து தண்ணீர் விழுவதையே பார்த்துக்கொண்டிருக்கிறது. எப்போதும் வந்துகொண்டே, எப்போதும் போய்க்கொண்டே, எப்போதும் அங்கேயே இருக்கிற இது என்ன என்ற திகைப்பு அதற்கு இருக்கக்கூடும் என்று குட்டால் கருதினார். ஒரு சிம்பன்சியின் மனத்துக்குள் என்ன ஓடியது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆண் சிம்பன்சிகள் மிரட்டிக் காட்டும்போதும் இதே போலத்தான் கல் எறியும், ரோமம் சிலிர்க்கும். ஆனால் மிரட்டிய பிறகு யாரும் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதில்லை. அந்தக் கடைசி உட்காரல்தான் என்னை நம்ப வைக்கிறது.

இந்த உணர்வுக்கு நவீன உளவியலில் பரவலாகப் புழங்கும் இலக்கணத்தை டாக்கர் கெல்ட்னர், ஜொனாதன் ஹைட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003இல் எழுதினார்கள். இரண்டு கூறுகள் வேண்டும் என்றார்கள். ஒன்று, எதிரே இருப்பது நம்மைவிட மிகப் பெரிதாகத் தோன்ற வேண்டும். உருவத்தால் மட்டுமல்ல, ஆற்றலாலோ புகழாலோ கருத்தாலோ பெரிதாக இருக்கலாம். இன்னொன்று, ஏற்கனவே மனத்தில் உள்ள சட்டகத்துக்குள் அது அடங்காமல், சட்டகத்தையே மாற்றிக் கட்ட வேண்டிவர வேண்டும். இதன் தொடக்கம் எங்கே இருந்திருக்கும் என்றும் ஊகித்தார்கள். வலிமையான தலைவனுக்கு முன்னால் கீழே உள்ளவன் பணிந்து நிற்கும் உணர்வுதான் ஆதி வடிவம், மலையும் இசையும் கோயிலும் பிறகு அதில் ஏறிக்கொண்டன என்பது அவர்கள் எண்ணம்.

இதற்குப் பிறகு வந்த சோதனைகளில் எனக்குப் பிடித்தது கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக வளாகத்தில் நடந்தது. அங்கே ஒரு தைலமரத் தோப்பு. சில மரங்கள் 200 அடிக்கும் மேல். மாணவர்களில் ஒரு பகுதியினரை அந்த மரங்களை ஒரு நிமிடம் அண்ணாந்து பார்க்கச் சொன்னார்கள். மற்றவர்களை அதே இடத்தில் நிற்க வைத்து எதிர்ப்பக்கம் இருந்த ஒரு கட்டடத்தைப் பார்க்கச் சொன்னார்கள். பிறகு ஒருவர் தடுமாறி, கையிலிருந்த பேனாக்களைக் கீழே சிதறவிட்டார். அது திட்டமிட்ட தடுமாற்றம். மரத்தைப் பார்த்தவர்கள் அதிகப் பேனாக்களைப் பொறுக்கிக் கொடுத்தார்கள். பால் பிஃப் தலைமையிலான இந்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. ஒரே ஒரு நிமிடம், ஒரு மரம், நாலு பேனா. இதை வைத்து மனித குலத்தையே அளந்துவிட முடியாதுதான். ஆனால் 'நான்' கொஞ்சம் சுருங்கினால் அடுத்தவர் கண்ணில் படுகிறார் என்ற திசையை வேறு ஆய்வுகளும் காட்டுகின்றன. கலிபோர்னியாவின் யோசமிட்டி பள்ளத்தாக்கை நேரில் பார்த்துக்கொண்டிருந்த பயணிகளிடம் தங்களையே படமாக வரையச் சொன்னபோது, சான் பிரான்சிஸ்கோவின் சுற்றுலாத் துறைமுகப் பக்கம் வரைந்தவர்களைவிடத் தங்களைச் சிறிதாக வரைந்தார்கள். அவர்கள் பல நாடுகளிலிருந்து வந்தவர்கள். மூளையிலும் இதற்கு ஒரு தடயம் உண்டு. நாம் நம்மைப் பற்றியே நினைத்துக்கொண்டு, மனம் அலைந்துகொண்டிருக்கும்போது வேலை செய்கிற வலைப்பின்னல் ஒன்று இருக்கிறது. பிரமிப்பான காணொளிகளில் ஆழ்ந்திருக்கும்போது அதன் வேகம் குறைகிறது என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2019இல் காட்டினார்கள்.

எல்லாருக்கும் பொதுவா என்ற கேள்விக்கு வருவோம். கெல்ட்னரின் குழு 26 நாடுகளில் 2,600 பேரிடம், உங்களைப் பிரமிக்க வைத்த ஒரு சம்பவத்தை எழுதுங்கள் என்று கேட்டது. எல்லா நாடுகளிலும் எழுத ஆள் இருந்தார்கள், எழுதக் கதையும் இருந்தது. அதில் அடிக்கடி வந்தது மலையோ கடலோ அல்ல. இன்னொரு மனிதரின் துணிவு, இரக்கம், துன்பத்தைத் தாங்கிய விதம். நம் ஊரில் யாராவது "அந்தம்மா கதையைக் கேட்டா உடம்பு சிலிர்க்குது" என்று சொல்வதைக் கேட்டிருப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

ஆனால் எதிர்த்தரப்பின் வாதமும் வலுவானது, அதை ஒதுக்கிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. உணர்ச்சிகள் பிறவியில் அச்சடித்து வருவதில்லை, உடம்பின் அசைவை வைத்துக்கொண்டு பண்பாடும் மொழியும் சேர்ந்து கட்டுபவை என்கிறார் உளவியலாளர் லிசா ஃபெல்ட்மன் பாரெட். அவருடைய குழு 2014இல் நமீபியாவின் ஹிம்பா மக்களிடம் முகப் படங்களைக் கொடுத்து, ஒரே உணர்வு உள்ளவற்றை ஒன்றாக அடுக்கச் சொன்னது. மேற்கத்தியர் அடுக்குவது போல அவர்கள் அடுக்கவில்லை. 2016இல் பாப்புவா நியூ கினியின் டிராப்ரியண்ட் தீவுகளில் நடந்த ஆய்வு இன்னும் நெருக்கமானது. கண்ணை அகல விரித்து, வாய் பிளந்த முகத்தை மேற்கில் அச்சம் என்று படிப்பார்கள். தீவு மக்களோ அதை மிரட்டலாகவும் கோபமாகவும் படித்தார்கள். பிரமித்த முகத்துக்கும் ஆய்வாளர்கள் தரும் அடையாளம் விரிந்த கண்ணும் சற்றே பிளந்த வாயும்தான். ஒரே முகம் ஓரிடத்தில் வியப்பு, ஓரிடத்தில் பயம், ஓரிடத்தில் "கிட்டே வராதே" என்று ஆகுமானால், முகத்தை நம்பி எதைச் சொல்வது?

அளவுகோலிலும் மொழி புகுந்துவிடுகிறது. இந்த உணர்வு ஒருவருக்கு எவ்வளவு வருகிறது என்று அளக்கப் பயன்படும் கேள்வித்தாளின் ஒரு வாக்கியம், எனக்கு அடிக்கடி இந்த உணர்வு வருகிறது என்பது. அமெரிக்கா, ஈரான், மலேசியா, போலந்து ஆகிய நான்கு நாடுகளில் 2016இல் ஒப்பிட்டபோது மதிப்பெண்கள் நாட்டுக்கு நாடு மாறின. மாறியது உணர்வா, சொல்லா? தமிழில் அந்த வாக்கியத்தை எழுதிப் பாருங்கள். அடிக்கடி வியக்கிறேன் என்றால் புருவம் உயர்த்துவதோடு நின்றுவிடுகிறது. அடிக்கடி மலைக்கிறேன் என்றால் வேலை மலைபோல் குவிந்துவிட்டதோ என்று தோன்றும். பிரமிக்கிறேன் என்பது ஆளைப் பார்த்தும் வரும், கட்டடத்தைப் பார்த்தும் வரும், பயம் அதில் இல்லை. மருள்கிறேன் என்றால் மானின் கண் ஞாபகம் வரும், தென் மாவட்டக் கோயில்களில் சாமி வந்து ஆடும் மருளாடியும் ஞாபகம் வருவார். அந்த ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு நம்மிடம் அரை டஜன் சொற்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் அதன் ஒரு துண்டைத்தான் பிடிக்கிறது.

அந்தச் சொற்களில் பழையதைப் பிடித்துக்கொண்டு போனால் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலுக்கு வந்து சேர்கிறோம். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. உள்ளத்தில் நடப்பது பிறர் அறியும்படி உடம்பில் படுவது மெய்ப்பாடு. உணர்ச்சிக்குப் பெயர் வைக்கும்போதே மெய்யைச் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். மருட்கை, அதாவது வியப்பு, எதனால் வரும் என்பதற்குச் சூத்திரம் இது: "புதுமை பெருமை சிறுமை ஆக்கமொடு / மதிமை சாலா மருட்கை நான்கே." புதிதாக ஒன்று தோன்றினால் வரும், பெரிதானால் வரும், மிக நுண்ணிதானால் வரும், ஒன்று வேறொன்றாக ஆனால் வரும். நான்குக்கும் பொதுவாக ஒரு நிபந்தனை, "மதிமை சாலா". அறிவு போதாமல் போக வேண்டும்.

2003ஆம் ஆண்டுக் கட்டுரையின் இரண்டாவது கூறும் இதுவேதான். சட்டகத்துக்குள் அடங்காமை. இரண்டு மரபுகள், நடுவில் எவ்வளவோ நூற்றாண்டுகள், ஒன்றையொன்று பார்க்காமல் ஒரே இடத்தில் கை வைத்திருக்கின்றன. பொதுமைக்கு இதைவிட நல்ல சாட்சி ஆய்வுக்கூடத்தில் கிடைக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

வேறுபடும் இடங்கள் அதைவிடச் சுவையானவை. நவீன இலக்கணம் பெருமையை முதல் கூறாக வைத்தது. தொல்காப்பியம் பெருமையை நான்கில் ஒன்றாக வைத்து, பக்கத்திலேயே சிறுமையையும் உட்கார வைத்தது. பிறந்து இரண்டே நாளான குழந்தையின் சுண்டுவிரலைப் பார்த்திருப்பீர்கள். அதன் நுனியில் ஒரு நகம், அரிசி நொய்யைவிடச் சின்னது, ஓரம் வளைந்து, அடியில் ரோஜா நிறம் தெரிய, எல்லாம் சரியாக அமைந்திருக்கும். அதைப் பார்த்து வாயடைக்காதவர் உண்டா? எதிரே மலை எதுவும் இல்லை. நம்மைச் சிறிதாக்கும் எதுவும் இல்லை. அறிவு மட்டும் தோற்கிறது. அந்த நகத்தையும் 'ஒரு வகையில் பெரிது' என்று இழுத்துப் பொருத்தலாம். எனக்கு அது வலிந்து செய்வதாகவே படுகிறது. மையத்தில் இருப்பது பெருமை அல்ல, மதிமை சாலாமை என்று சூத்திரம் சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

அடுத்தது தலைவன். ஆதி வடிவம் தலைவன் முன் பணிவுதான் என்று ஊகித்தார்கள் அல்லவா? தொல்காப்பியத்தில் தலைவன் மருட்கையிலேயே இல்லை. "அணங்கே விலங்கே கள்வர் தம்மிறை" என்று அச்சத்துக்கான நான்கில் அவனைக் கள்வருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். அரசனைக் கண்டால் வருவது பயம், வியப்பு வேறு என்று தெளிவாகப் பிரித்திருக்கிறார்கள். அணங்கும் அச்சத்தின் பக்கமே போய்விட்டது. அழகும் கொடுமையும் சேர்ந்த தெய்வ சக்தி அது, ஆங்கிலச் சொல்லின், பயம் கலந்த பழைய பொருளுக்கு மிக அருகில் வருவது. ஒரு மொழி ஒன்றாகப் பார்ப்பதை இன்னொரு மொழி இரண்டு பெட்டியில் போட்டிருக்கிறது. பெட்டியைப் போட்டது பண்பாடு. உள்ளே கிடக்கும் பொருளைப் பண்பாடு செய்யவில்லை.

உடம்பின் பங்கையும் பழையவர்கள் மறக்கவில்லை. நாட்டிய சாஸ்திரம் அற்புத ரசத்தையும், நடிகரின் உடம்பில் தோன்ற வேண்டிய எட்டுக் குறிகளில் ஒன்றாக ரோமாஞ்சத்தையும், அதாவது மயிர் சிலிர்ப்பதையும், சொல்கிறது. மாணிக்கவாசகர் திருவாசகத்தின் திருச்சதகத்தை "மெய்தான் அரும்பி விதிர்விதிர்த்து" என்று தொடங்குகிறார். தோலில் புள்ளி புள்ளியாகப் புடைப்பதை அரும்பு கட்டுவது என்று சொன்ன அந்தக் கண் எவ்வளவு கிட்டத்தில் பார்த்திருக்க வேண்டும்! எந்த ஆய்வுக்கூடமும் கேட்காமலே ஒருவர் தன் முன்கையை நீட்டிக் காட்டியிருக்கிறார்.

ஆக, நான் வந்து நிற்கும் இடம் இது. அறிவு போதாமல் போகிற கணத்தில் உடம்பு நின்று, கவனம் வெளியே பாய்ந்து, 'நான்' சற்றே ஒதுங்குகிற இந்த இயக்கம் பிறவியில் வந்தது, அநேகமாக நம் இனத்துக்கும் முன்னால் தொடங்கியது. எதன் முன் அறிவு போதாமல் போகும் என்பதும், அப்போது பயம் எவ்வளவு கலக்கும் என்பதும், அதற்கு என்ன பெயர் என்பதும் ஊரும் வாழ்க்கையும் கற்றுத் தருபவை. ஒருவருக்கு அது தவில், இன்னொருவருக்கு அது சமன்பாடு.

2022 ஜூலையில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதல் ஆழ்வெளிப் படம் வந்தபோது அதை மாமாவிடம் போனில் காட்டினேன். ராத்திரி, மொட்டை மாடி. "கலர் கலரா நல்லாத்தான் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதில் தெரிவது கிட்டத்தட்ட ஒவ்வொன்றும் ஒரு நட்சத்திரக் கூட்டம், நடுவில் இருப்பதன் ஒளி 460 கோடி ஆண்டுகளுக்கு முன் கிளம்பியது, அப்போது இந்தப் பூமியே உருவாகி முடிந்திருக்குமோ என்னவோ என்றேன். பேசாமல் இருந்தார். இந்தப் படம் வானத்தில் எவ்வளவு இடம் தெரியுமா, கையை நீட்டி ஒரு மணல் துகளைப் பிடித்தால் அது மறைக்கிற அளவுதான் என்றேன்.

தரையைத் தடவி ஒரு துகளை எடுத்தார். இரண்டு விரலில் பிடித்து, கையை முழுசாக நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மேலே பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து அதே துகளை அப்படியே பக்கத்தில் நகர்த்தி, அடுத்த இடத்தில் வைத்துப் பார்த்தார். "இங்கயும் அவ்வளவு இருக்குமா மாப்ளே?"

இருக்கும் மாமா என்றேன். கையை அவர் கீழே இறக்கவில்லை.